மூன்றாவது சீல் வாங்கும் முன் அந்த மரக்கட்டையைப் பிடுங்குங்கள்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் இருப்பது 2013 மாடல் டீசல் பிக்கப். மஞ்சள் போர்டு. பழைய வண்டியாக வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேறு டிரைவர் கிடையாது, அவரேதான் ஓட்டுகிறார். பேச்சிப்பாறை, திற்பரப்பு சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றுவார். வாழைக்குலை கிடைத்தால் மார்த்தாண்டம் சந்தைக்குப் போவார். ஒன்பது மாதத்துக்கு முன், இரவு நிறுத்திய இடத்தில் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் கிடந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் 'பின்னாடி ஆயில் சீல் போயிற்று' என்று சொல்லி, கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார். சீலோடு சேர்த்து 9,000 ரூபாய். மூன்று வாரத்தில் மறுபடி சொட்டியது. 'சீல் சரக்கு மோசம்' என்று திரும்ப இறக்கினார். பாதிக் கூலியாக 4,000. இரண்டு மாதம் தாங்கியது, அப்புறம் பழையபடி. இப்போது லோடோடு மேடு ஏறினால் இன்ஜின் இரைகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. மெக்கானிக்கோ, 'கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கணும், 70,000 ஆகும்' என்கிறார்.

அவருடைய கேள்விகள்: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா? எண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டினால் என்ன? ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று கடையில் ஒரு பாட்டில் விற்கிறார்களே, அது சரிப்படுமா? மச்சான் விற்றுவிடச் சொல்கிறார், விற்கலாமா? மெக்கானிக் மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா? மஞ்சள் போர்டு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்கிறார்களே, உண்மையா? இரண்டு மாதத்தில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேறு வருகிறது.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நானும் சீல், கிராங்க் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். இரண்டாம் தடவை படிக்கும்போது மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி கண்ணில் பட்டது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று: 'பத்து மாதம் முன்பு ஏர் ஃபில்டர் எண்ணெயில் நனைந்து கிடந்தது. இன்ஜின் மேலிருந்து ஃபில்டர் பக்கம் போகும் ரப்பர் குழாய் வழியாகத்தான் எண்ணெய் வருகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றி, வாயில் மரக்கட்டை சீவிச் செருகி கிளாம்ப் போட்டேன். இப்போது ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது.' இரண்டாவது: 'ஆயில் அளவு பார்க்கும் கம்பி அடிக்கடி மேலே எழும்பி நிற்கிறது. கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.'

கட்டை செருகியது பத்து மாதம் முன்பு. எண்ணெய் சொட்டத் தொடங்கியது ஒன்பது மாதம் முன்பு. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இந்த ஒரு மாத இடைவெளியிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் குழாய் எதற்கு?

நல்ல இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே, எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். இறங்குகிற காற்றுக்கு வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர் குழாய். இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றோடு இதையும் சேர்த்து எரித்துவிட வேண்டும் என்பதற்காக ஏர் ஃபில்டர் பக்கம் கொண்டுபோய் இணைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்த மூக்கைப் பொத்திவிட்டீர்கள். உள்ளே சேருகிற காற்று வேறு வழி தேடுகிறது. முதலில் அளவுக்கம்பியைத் தள்ளிப் பார்த்தது, அதையும் கட்டிவிட்டீர்கள். மிச்சம் இருக்கிற பலவீனமான இடம், கிராங்க்கின் வால் பக்கம் ரப்பர் உதட்டோடு நிற்கும் அந்த ஆயில் சீல்.

இந்த வகை சீல், சுழலும் தண்டில் எண்ணெய் வழியாமல் தடுக்கச் செய்தது. அழுத்தத்தைத் தாங்கச் செய்ததல்ல. உள்ளே அழுத்தம் ஏறினால் சீலின் உதடு தண்டின் மேல் அளவுக்கு மீறி அழுந்தும், சூடேறும், சீக்கிரம் தேயும்; தண்டிலும் கோடு விழும். அழுத்தம் இன்னும் கூடினால் உதடு மடங்கும், அல்லது சீலே இருக்கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் இதே கதைதான். முதல் சீல் மூன்று வாரமும் இரண்டாவது இரண்டு மாதமும் தாங்கியதில் சரக்கின் தரத்துக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி போனதற்குக் காரணம் சரக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

கட்டை செருகியதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஃபில்டர் நனைகிறது, எண்ணெய் வரும் வழியை அடைத்தால் நிற்கும் என்று நினைப்பது இயல்பு. நின்றும் விட்டது. ஆனால் அந்தக் குழாயில் எண்ணெய் வந்ததே ஒரு அறிகுறி. எண்ணெயைப் பிரித்துக் கீழே அனுப்பும் சின்னப் பாத்திரம் கசடால் அடைத்திருக்கலாம். எண்ணெயை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றியிருக்கலாம். அல்லது ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன் கூடியிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று பார்க்க வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

கட்டையைப் பிடுங்குங்கள். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும். பழைய குழாய்கள் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே மட்டும் உப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தால் புதிது போடுங்கள். எண்ணெய் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் குழாயை வெட்டிப் போடவேண்டாம். பிரிப்பான் பாத்திரத்தையும் கழற்றிக் கழுவுங்கள். அளவுக்கம்பிக்குக் கட்டிய கம்பியை அவிழ்த்துவிடுங்கள். எண்ணெய் அளவு மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். ஒழுகுகிறதே என்று பயந்து கூட ஊற்றுவது டீசல் இன்ஜினில் ஆபத்து. அதிகப்படி எண்ணெய் பிரீதர் வழியாக உள்ளே போனால், இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் எடுக்கும். அப்படிச் சிதறிய ஒரு இன்ஜினை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இந்தச் சின்ன சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடேறி, சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அந்த ஓட்டையின் மேலேயே தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக ஆடிக்கொண்டு அங்கேயே கிடந்தால் பயப்பட ஒன்றுமில்லை. துள்ளி விழுந்தால், புகையும் குபுகுபுவென்று வந்தால், பேக் கம்ப்ரஷன் அதிகம். அப்போது கம்ப்ரஷன் அளந்து பார்க்காமல் எந்த சீலையும் தொட வேண்டாம். குழாயை மாட்டிய பிறகுதான் இந்தச் சோதனை. அடைத்து வைத்துக்கொண்டு செய்தால் நல்ல இன்ஜினும் மூடியைத் தள்ளும்.

உங்கள் மெக்கானிக் 'கிராங்க் தேய்ந்துவிட்டது' என்று எதை வைத்துச் சொன்னார் என்று கடிதத்தில் இல்லை. அவர் அளந்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. கிராங்க் பேரிங் நிஜமாகவே தேய்ந்திருந்தால் சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் லைட் மினுக்கும், லோடில் அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கனத்த சத்தம் வரும். லைட் எரியவில்லை, சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. ஆனால் கெட்டியான எண்ணெய் ஊற்றி ஓட்டுவதாகவும் சொல்கிறீர்கள். கெட்டி எண்ணெய் அந்த லைட்டை மறைத்து வைக்கக்கூடும். எனவே தீர்ப்பு சொல்ல அளவுதான் வேண்டும்.

எண்ணெய் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

பின் சீல் என்று முத்திரை குத்துவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பின் மூலையில் பேக்கிங் போனால், எண்ணெய் இன்ஜின் முதுகில் வழிந்து இதே இடத்தில்தான் சொட்டும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் கசிந்தாலும் அப்படித்தான். கடற்கரைப் பக்கம், குளச்சல் மாதிரி ஊர்களில் ஓடும் வண்டிகளில் எண்ணெய் தங்கும் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பே துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருப்பதையும் பார்க்கிறோம்; உங்கள் வண்டி மலையடிவாரத்தில் ஓடுகிறது, அது இருக்காது. கியர்பாக்ஸின் முன் சீல் போனாலும், கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டை வழியாக அதே இடத்தில் எண்ணெய் வரும். ஆனால் கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி இருக்கும், டீசல் இன்ஜின் ஆயில் கரியாக இருக்கும். விரலில் தொட்டு முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

இன்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்து, மேலே சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடர் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் நடந்த தடம் பவுடரில் தெரியும். பெல் ஹவுசிங்கின் மேலும் பக்கமும் காய்ந்திருந்து, அடி ஓட்டையில் மட்டும் ஈரம் இருந்தால், கசிவு உள்ளேதான். மேட்டில் இன்ஜின் இரைந்தும் வண்டி நகராதது கிளட்ச் வழுக்குவதன் அடையாளம்; உள்ளே கசியும் எண்ணெய் கிளட்ச் பிளேட்டை நனைத்தால் அப்படி ஆகும். அதனால் கசிவு உள்ளே என்று தொண்ணூறு சதவீதம் நம்புகிறேன். மீதி பத்து, கிளட்ச் பிளேட் தானாகவே ஆயுள் முடிந்து வழுக்குவதற்கு. அதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை.

அந்த பாட்டில் மருந்து

ரப்பர் தோட்டத்தில் புழங்குகிறவருக்கு இதைச் சொல்வது எளிது. மரத்திலிருந்து வெட்டி எடுக்கும் ரப்பரில் ஆயில் சீல் செய்ய முடியாது. அது எண்ணெயில் ஊறினால் வீங்கிக் கொழகொழத்துப் போகும். அதனால்தான் சீலுக்கு நைட்ரைல் மாதிரி செயற்கை ரப்பர். அதுவும் வருடக்கணக்கில் சூடு பட்டால் இறுகிச் சுருங்கும். பாட்டிலில் வருகிற மருந்து, இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊறி வீங்க வைக்கிறது. பத்து வருடப் பழைய சீல் லேசாகக் கசிந்தால் சில மாதம் பலன் தரலாம். உங்கள் வண்டியில் இருப்பது சில மாதமே ஆன சீல். அது இறுகவில்லை, தள்ளப்பட்டிருக்கிறது. அதற்கு வீக்க மருந்து எதற்கு? கெட்டி எண்ணெயும் அப்படித்தான். கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதற்குத் திரும்புங்கள்.

சும்மா ஊற்றி ஓட்டலாமா?

சொட்டு மட்டும் என்றால், தினமும் காலையில் அளவு பார்த்துக்கொண்டு, கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கிளட்ச் வழுக்குகிறது. லோடோடு ஏற்றத்தில் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தால், பின்னால் வருகிறவர் நிலை என்ன? வழுக்கும் கிளட்ச், தான் அழுந்தி நிற்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலையும் எரித்துக் கருக்கும்; இன்றைக்குப் பிளேட்டோடு முடிகிற செலவு அதற்கும் போகும். போதாததற்கு இது தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம். நனைந்த வளைவில் நீங்கள் சொட்டிவிட்டுப் போகும் எண்ணெயில் பைக்காரர் ஒருவர் சறுக்கி விழலாம். கிளட்ச் சரியாகும்வரை மலைத் தோட்டத்து லோடை எடுக்காதீர்கள். மழைக்குப் பால் வெட்டு நிற்கிற நாட்களாகப் பார்த்து வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கும் நாளில்

கிளட்சுக்காக எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். சீலின் விலை அற்பம், கூலிதான் பெரிது. எனவே ஒருமுறை இறக்கினால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். முடிந்தால் அன்றைக்கு நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

முதலில், எதையும் துடைக்கும் முன் போட்டோ எடுங்கள். சீல் இருக்கையில் நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் வெளியே வந்திருக்கிறதா என்று அதில் தெரியும். அடுத்தது ஆட்டம். ஃப்ளைவீல் இருக்கும்போதே, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை அதன் முகத்தில் நிறுத்தி, கம்பி கொடுத்து முன்னும் பின்னும் நெம்பி கிராங்க்கின் நகர்வை அளக்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களில் அது 0.1 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் இன்ஜினுக்குரிய சரியான எல்லை கையேட்டில் இருக்கும். மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் முள் கிட்டத்தட்ட அசையவே கூடாது. 70,000 ரூபாய்க் கேள்விக்குப் பதில் இந்தப் பத்து நிமிட வேலையில் கிடைக்கும். எல்லைக்குள் இருந்தால் கிராங்க்குக்காக இன்ஜினை இறக்கத் தேவையில்லை. தாண்டியிருந்தால், மெக்கானிக் சொன்னது சரி, நான் சந்தேகப்பட்டது தவறு; இறக்கித்தான் ஆக வேண்டும்.

சீலைக் கழற்றிய பிறகு, சீல் உட்காரும் கிராங்க் முனையில் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் கோடு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் இன்ஜினை இறக்க வேண்டாம். சில இன்ஜின்களில் புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ உட்காரவைத்தால் உதடு புது இடத்தில் படும். இல்லாவிட்டால் தேய்ந்த தண்டின் மேல் மாட்டும் மெல்லிய ஸ்டீல் வளையம் கிடைக்கிறது. ஸ்லீவ் என்று கேட்டால் பேரிங் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

திரும்பத் திரும்ப ஒழுகும் வண்டிகளில் பலரும் கவனிக்காமல் விடுவது ஃப்ளைவீல் போல்ட்டுகளை. சில இன்ஜின்களில் அந்த போல்ட் ஓட்டைகள் எண்ணெய் அறைவரை திறந்திருக்கும். மரையில் சீலன்ட் தடவாமல் முடுக்கினால் எண்ணெய் மரை வழியாகவே ஊறி வந்து, பார்ப்பவருக்கு சீல் ஒழுகுகிற மாதிரியே தெரியும். சில வண்டிகளில் அந்த போல்ட்டை ஒருமுறைதான் போடலாம், கழற்றினால் புதிது வாங்க வேண்டும். முடுக்குவது, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான். பைப் போட்டு ஏறி மிதிப்பது வேண்டாம். சீல் உட்காரும் வளையத்துக்குப் பின்னாலும் ஒரு பேக்கிங் உண்டு. அதற்கு கம் பேஸ்ட் போட்டால், டியூபில் எழுதியிருக்கிற நேரம்வரை காய விட்டுத்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். அவசரத்தில் உடனே ஊற்றிவிட்டால் அன்றைக்கே மறு ஒழுக்கு ஆரம்பம்.

சீல் மாட்டுவதைப் பற்றி ஒரு பழைய கதை. நான் வேலை பழகிய இரண்டாம் வருடம், ஒரு ஜீப்புக்கு இதே சீலை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு பக்கமாகத் தட்டி ஏற்றினேன். கோணலாக உட்கார்ந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் வண்டி வாசலில் நின்றது. முதலாளி திட்டவில்லை, கொட்டுகிற மழையில் தகர ஷீட்டுக்குக் கீழே தனியாகக் கியர்பாக்ஸை இறக்க வைத்தார். அப்புறம் கழற்றிய பழைய சீலைப் புதுச் சீலின் மேல் கவிழ்த்து வைத்து, 'இப்போ சுத்திச் சுத்தித் தட்டுலே' என்றார். சமமாக இறங்கியது. இன்றைக்கும் உரிய டூல் இல்லாத இடத்தில் அதுதான் என் வழி. சாதாரண ரப்பர் உதடு என்றால் மாட்டும் முன் உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ, பிளாஸ்டிக் மாதிரி விறைப்பான டெஃப்லான் உதடு என்றால் எண்ணெய் தடவவே கூடாது, காய்ந்த தண்டில்தான் மாட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு வந்தது எந்த வகை, அதை எப்படி மாட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணெயில் நனைந்த கிளட்ச் பிளேட்டை பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டித் திரும்பப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் மூன்றும் புதிது. பிரஷர் பிளேட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மெக்கானிக், போலீஸ், நுகர்வோர் ஆணையம்

நான் வக்கீல் இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். போலீஸ் இதற்கு வழியல்ல. வேலை சரியில்லை என்பது ஏமாற்றுக் குற்றம் ஆகிவிடாது.

மஞ்சள் போர்டு என்பதால் நுகர்வோர் ஆணையம் கிடையாது என்று உங்களுக்குச் சொன்னது அரைகுறைச் செய்தி. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்குகிறது, உண்மைதான். ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. ஒரே வண்டி, டிரைவர் நீங்களே, அதுதான் வருமானம் என்பதைப் புகாரிலேயே தெளிவாக எழுத வேண்டும். மாவட்ட ஆணையம் நாகர்கோவிலில் இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பில் வாங்கவில்லை, போனில்தான் பணம் அனுப்பினேன் என்கிறீர்கள். அந்தப் பணப் பதிவும் வாட்ஸப் பேச்சும் சாட்சியாக உதவும், அழித்துவிடாதீர்கள்.

ஆனால் வழியிருக்கிறது என்பதற்காகப் போகச் சொல்லவில்லை. ஆணையத்தில் குறையை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். எதிர்த்தரப்பில் முதல் கேள்வியே அந்தக் கட்டையைப் பற்றித்தான் இருக்கும்: 'பிரீதரை அடைத்தது யார்?' மெக்கானிக் பக்கமும் தவறு இருக்கிறது. இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்கியவர், போன சீலை மறுபடி போடும் முன் ஏன் போனது என்று பார்த்திருக்க வேண்டும். கம்பி கட்டிய அளவுக்கம்பி அவர் கண்ணெதிரே நின்றது. தவறு இரண்டு பக்கமும் இருக்கும்போது வழக்கைவிடப் பேச்சுக்கு அதிகம் கிடைக்கும் என்பது என் கணக்கு. டயல் கேஜில் அளந்து, கிராங்க் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர் இன்ஜினை இறக்கியே தீருவேன் என்று நின்றால், அல்லது இறக்கிவிட்டு அந்தப் பணத்தைக் கேட்டால், அப்போது ஆணையத்தை யோசியுங்கள்.

இனி எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும், என்ன வேலை, என்ன சாமான், எவ்வளவு, எத்தனை மாதம் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். கூலி பாக்கியிருந்தால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டமே அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. தொகையில் தகராறு வரும்போது அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் பேசும். கழற்றிய பழைய சீலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பது பற்றி: ஒழுக்கையும் கிளட்சையும் சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலைக்கு விற்றால் உங்கள் விருப்பம். கழுவி மறைத்து விற்றால் நாளைக்கு ஏமாற்றி விற்றதாக உங்கள் மேல்தான் வழக்கு வரும். மச்சானிடமும் சொல்லுங்கள்.

எஃப்.சி.க்கு இரண்டு மாதம் போதுமான அவகாசம். எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் உங்களுக்கு வருடாவருடம் வரத்தான் செய்யும். முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் செய்து எண்ணெயை மறைத்துக் கொண்டுபோகும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வழுக்குகிற கிளட்சை எந்தத் தண்ணீரும் மறைக்காது. இந்த வாரம் கட்டையைப் பிடுங்கி மூடிச் சோதனையைச் செய்யுங்கள், அடுத்த வாரம் கழுவிப் பவுடர் தூவிப் பாருங்கள், அதன் பிறகு கியர்பாக்ஸ். வேலை முடிந்து ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டி, தினமும் இரவு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்துப் பாருங்கள். எஃப்.சி. தேதிக்கு முன் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

மெக்கானிக்கைப் பார்க்கப் போகும்போது அந்தக் கட்டையையும் கையோடு கொண்டு போங்கள். 'இது நான் செய்தது, நீங்களும் பார்க்கவில்லை' என்று பேச்சைத் தொடங்குங்கள். இரண்டாம் தடவை வாங்கிய 4,000 ரூபாயை இந்த முறைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், சாமான் செலவு உங்களுடையது. நானாக இருந்தால் அதற்குச் சம்மதிப்பேன்.